ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிள்ளைக்கு வலி மட்டும் போகவில்லை

மேகலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 15 வயது. பதற்றம், மனச்சோர்வு இரண்டுக்கும் மனநல மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதே காலத்தில் வலியும் சேர்ந்துகொண்டது. முதலில் தலைவலி. அப்புறம் கழுத்து, தோள்பட்டை, முதுகு. சில வாரம் வயிறு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் ஒன்றும் இல்லை.

வலிக்குப் பார்க்கிற டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் மனசுதான், அங்கேயே பாருங்கள்" என்கிறார். மனநல மருத்துவரிடம் வலியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை அந்த டாக்டரிடம் கேளுங்கள்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் பந்தாடப்படுகிறோம்.

போன வாரம் வீடு திரும்பும்போது அவள் கேட்டாள்: "நான் பொய் சொல்றேன்னு நீயும் நினைக்கிறியாம்மா?"

இது உடம்பா, மனசா? எதை முதலில் சரிசெய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார்

சகோதரி, பள்ளியிலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வு அட்டவணையை ஒட்டிய அன்றைக்கே வயிற்றுவலி வருகிற பிள்ளைகள் உண்டு. விடுமுறை விட்டால் அது காணாமல் போய்விடும். எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் நாம் வலி வலி என்று பேசிப் பேசியே அதை வளர்த்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. அன்போடு கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும்.

பின்பெஞ்சு

ஐயா, தேர்வு வந்தால் வயிற்றுவலி வருகிற அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். இப்போது எனக்கு 20 வயது. 13 வயதில் ஆரம்பித்தது.

நடித்தது உண்மைதான். ஆனால் வலிக்காத மாதிரி நடித்தேன். தோழிகளோடு மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது அந்தச் சிரிப்பு மட்டும். "மத்தியானம் நல்லாத்தானே இருந்தே?" இந்தக் கேள்வியை யாரும் கேட்காத வாரம் கிடையாது.

டாக்டர்கள் 10-க்கு எத்தனை வலி என்று கேட்பார்கள். நான் எப்போதும் 7 என்பேன். 5 என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 9 என்றால், 9 வலி இருப்பவள் இப்படி உட்கார்ந்து பேசுவாளா என்று ஒரு பார்வை வரும். 7-தான் வம்பில்லாத எண். உண்மையில் எவ்வளவு வலித்தது என்பது கடைசிவரை அந்தத் தாளில் ஏறவே இல்லை.

விடுமுறையில் குறைந்தது, அதுவும் உண்மை. விடுமுறையில்தானே தூங்கினேன்.

நடுப்பக்கம்

மேகலை, நான் குழந்தைகள், பதின்ம வயதினருக்கான மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் பேச முடியும்.

உடம்பா மனசா என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை பந்தாட்டம் நிற்காது. வலிக்கான சர்வதேச ஆய்வுக் கழகம் 1979-இல் தந்த வரையறையை 2020-இல் திருத்தியது. இரண்டிலுமே வலி என்பது புலனும் உணர்வும் சேர்ந்த அனுபவம்தான். 2020-இல் சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (11-ஆம் பதிப்பு) 'முதன்மை நாள்பட்ட வலி' ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலி, கூடவே மன வேதனையோ அன்றாட வேலைகளில் முடக்கமோ, வேறு நோயால் விளக்க முடியாத நிலை. ஸ்கேனில் ஏதாவது தெரிய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆகவே "ரிப்போர்ட் நார்மல், எனவே ஒன்றுமில்லை" என்று சொல்வது மருத்துவப்படியே செல்லாது.

இனி இரண்டும் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். நார்வேயில் மனநலப் பிரிவுக்கு வந்த 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு நாள்பட்ட வலி இருந்தது. பெரும்பாலும் தசை, மூட்டு வலிகள். பொதுவாகப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு நாள்பட்ட வலி இருப்பதாகச் சொல்வார்கள். கணக்கெடுக்கும் முறை ஆய்வுக்கு ஆய்வு மாறும், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் என் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எங்கேயோ வலிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நான் பேச்சைத் தொடங்க வேண்டும். நடைமுறையில் எங்கள் துறையில் பலர் அதைக் கேட்பதே இல்லை. உங்கள் டாக்டர் அடுத்த கேள்விக்குத் தாவியது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

எதிர்த்திசையிலும் இது உண்டு. அமெரிக்காவில் பதின்ம வயதினரை வளரும்வரை பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் தரவுகளை 2016-இல் அலசினார்கள். சிறுவயதில் நாள்பட்ட வலி இருந்தவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குப் பெரியவர்களான பிறகு பதற்ற நோய் இருந்ததாகப் பதிவானது. வலி இல்லாதவர்களில் அது 12 சதவீதம். மனச்சோர்வு நோய் 24-க்கு 14. எது எதை இழுத்து வருகிறது என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. ஒரே பிள்ளைக்கே ஒரு வருடம் இப்படி, அடுத்த வருடம் அப்படி.

அலைவரிசை

எங்கள் வீட்டிலும் இதே கதை, மகன், 14. பின்தொடர்கிறேன்.

மேகலை

நடுப்பக்கம், மிக்க நன்றி. ஆனால் எப்படி? மனச்சோர்வு இருந்தால் ஏன் முதுகு வலிக்க வேண்டும்? அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. "உன் மனசுதான் காரணம்" என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நடுப்பக்கம்

சாத்திக்கொள்ளத்தான் செய்வாள். நானாக இருந்தாலும் சாத்திக்கொள்வேன்.

காலிலிருந்தோ முதுகிலிருந்தோ வருகிற செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. வழியில் தண்டுவடத்திலேயே அதன் சத்தம் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும், ரேடியோவில் குமிழைத் திருகுகிற மாதிரி. மூளையிலிருந்து கீழே இறங்கி வரும் நரம்புப் பாதைகள் குமிழைத் திருகுகின்றன. அவை பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் செரட்டோனினும் நார்அட்ரினலினும் முக்கியம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள் வேலை செய்வதும் இதே இரண்டின் மேல்தான். அதனால் ஒன்று கலைந்தால் மற்றதும் கலைவதில் ஆச்சரியம் இல்லை. வலி நீண்ட நாள் நீடித்தால் தண்டுவடத்தின் காதே கூர்மையாகிவிடுகிறது. சாதாரண அழுத்தம்கூட வலியாகக் கேட்கும். 1983-இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை ஆய்வகத்தில் காட்டினார்.

தூக்கம் இன்னொரு பெரிய வாசல். பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அதோடு பதற்றம் சேர்ந்தால் தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் மறுநாள் வலி தாங்கும் அளவு குறைகிறது. பின்பெஞ்சு விடுமுறைத் தூக்கத்தைப் பற்றிச் சொன்னது மிகச் சரி.

மூன்றாவது பயம். அசைந்தால் வலிக்கும் என்று அசையாமல் இருப்பது, வகுப்பில் வலி வந்துவிடுமோ என்று போகாமல் இருப்பது. தசை தளர்கிறது, நண்பர்கள் விலகுகிறார்கள், சோர்வு கூடுகிறது. சுற்று முடிந்து வலியிலேயே வந்து நிற்கும்.

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லலாம்: "உன் வலி நிஜம். நரம்பு மண்டலம் சத்தத்தை அதிகமாக வைத்திருக்கிறது. அதைக் குறைக்க உடற்பயிற்சி, தூக்கம், மனசுக்கான சிகிச்சை மூன்றுமே உதவும்." இதில் எங்கேயும் அவள் மேல் குற்றம் இல்லை.

இயக்கம்

பிசியோ. தாமதமாக வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மனநலப் பிரச்சினை இருக்கிற பிள்ளை என்று தெரிந்தவுடன் எல்லா வலியையும் அதன் தலையில் கட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தானாக எடை குறைவது, காய்ச்சல், மூட்டு வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற விறைப்பு, கை கால் பலவீனம், சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, விடிகாலையில் வாந்தியோடு வரும் தலைவலி. இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே எல்லாம் பார்த்தாயிற்று என்றாலும், புதிதாக வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். அதே சமயம், எதுவும் மாறாதபோது ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பது பிள்ளையின் பயத்தைத்தான் வளர்க்கும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்பது, "வலி எப்போ போகும்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போ என்னென்ன செய்ய முடியாமல் இருக்கிறது?" பிள்ளைகளுக்கென்றே 15 கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது. படி ஏற முடிகிறதா, பள்ளியில் முழுநாள் இருக்க முடிகிறதா, நண்பர்களோடு ஏதாவது செய்ய முடிகிறதா, இப்படி. வலியின் எண்ணைவிட இந்தப் படிவத்தின் கூட்டுத்தொகைதான் எனக்கு வழி காட்டும். பெரும்பாலும் முதலில் வாழ்க்கை திரும்பும், வலி அதன் பின்னால் மெதுவாகக் குறையும். வலி போகட்டும், அப்புறம் பள்ளிக்குப் போகலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது.

நான் அடிக்கடி பார்ப்பது இது. நல்ல நாள் வந்தால் பிள்ளை ஒரு வாரத்து வேலையை அன்றைக்கே செய்துவிடும். அடுத்த மூன்று நாள் படுக்கை. உடனே வீட்டில், "பார்த்தியா, ஓடியாடினால் இப்படித்தான்" என்பார்கள். நான் செய்யச் சொல்வது: மோசமான நாளிலும் எவ்வளவு நடக்க முடியும் என்று பாருங்கள். 8 நிமிடம் என்றால் 8 நிமிடம்தான் தொடக்கம். நல்ல நாளிலும் அதே 8. இன்னும் நடக்கிறேன் என்று பிள்ளை கெஞ்சினாலும் 8. அடுத்த வாரம் 9. பார்ப்பதற்குக் கேலியாக இருக்கும். வலியைப் பார்த்து நடையை நிறுத்துவதும் கூட்டுவதும் போய், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தப் பழகுவதுதான் விஷயமே.

அலைவரிசை

மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே? என் மகன் கிட்டத்தட்ட தினமும் தலைவலி மாத்திரை போடுகிறான்.

மருந்துச்சீட்டு

நான் மருந்தாளுநர். தினமும் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகையோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகளோ என்றால் மாதத்தில் 10 நாள் போட்டாலே அப்படி ஆகிவிடும்.

தலைவலி வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றியும் பெரிய எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளாதீர்கள். 8 முதல் 17 வயதுவரை உள்ள ஒற்றைத் தலைவலிப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிராமேட்டில் 55, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 61. மருந்து வெல்லவில்லை. அதற்கு முன்பே 2013-இல், நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 10 முதல் 17 வயதினரிடம் அதே அமிட்ரிப்டிலினோடு சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) சேர்த்துப் பார்த்திருந்தார்கள். மருந்தோடு தலைவலி பற்றிய விளக்க வகுப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நன்றாகவே குறைந்தது.

இரண்டுக்கும் சேர்த்து உதவும் மருந்தே இல்லையா என்றால், டுலோக்சடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் உண்டு. 13 வயதிலிருந்து ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு (உடம்பு முழுக்கப் பரவலாக வலிக்கிற நாள்பட்ட நோய்) டுலோக்சடினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அனுமதித்தது. ஆனால் மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்கும், இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை 2004 முதல் உண்டு. தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரண்டு டாக்டர்களுக்கும் முழு மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

கடைசியாக, மாத்திரைகள் எல்லாம் பூட்டில் இருக்கட்டும். எந்தப் பிள்ளை இருக்கிற வீடானாலும்.

நெறியாளர்

மூலிகை எண்ணெய் விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. தொடரலாம்.

கணக்குவாத்தியார்

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பேசிப் பேசி வளர்க்கிறோம் என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

நடுப்பக்கம்

நியாயமான கேள்வி ஐயா. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் கவனமாகப் பேச வேண்டும்.

லின் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அடிக்கடி வயிற்றுவலி வருகிற பிள்ளைகளும், நலமாக உள்ள பிள்ளைகளும். வயிறு நிரம்பி அசௌகரியம் வரும்வரை தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அதன் பிறகு சில பெற்றோரிடம், பிள்ளையின் வலியைக் கவனித்துப் பரிவாகப் பேசச் சொன்னார்கள். சிலரிடம் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பரிவோடு விசாரித்தபோது புகார்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின. பேச்சைத் திருப்பியபோது பாதியாகக் குறைந்தன. வயிற்றுவலிப் பிள்ளைகளே, பேச்சை மாற்றிய பெற்றோர் தங்களைத் தேற்றியதாகச் சொன்னார்கள். ஆனால் பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சை மாற்றுவதுதான் பிள்ளையைப் பாதிக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதிலிருந்து கண்டிப்புக்குப் போக வழி இல்லை. அந்தப் பெற்றோர் யாரும் நம்ப மறுக்கவில்லை, திட்டவும் இல்லை. பிள்ளையோடு உட்கார்ந்து வேறு எதையோ பேசினார்கள், அவ்வளவுதான். இரண்டுக்கும் நிறைய தூரம்.

பின்பெஞ்சு

அந்தத் தூரத்தை நான் சொல்கிறேன். அம்மா மணிக்கு ஒருமுறை "இப்போ எப்படி இருக்கு?" என்பார். அந்தக் கேள்வி வந்ததும் நான் உடம்பைத் தேடிப் போவேன், தேடினால் வலி இருக்கும். அப்பா கேட்கவே மாட்டார். அவர் நம்பவில்லை என்று நினைத்தேன், அது அதைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் கவுன்சலர் ஓர் ஏற்பாடு சொன்னார். வலி கூடினால் நானே சொல்வேன், அவர்கள் கேட்கக் கூடாது. ஆனால் நான் சொன்னால் சந்தேகப்படவும் கூடாது. முதல் வாரம் அம்மாவுக்கு வாய் துறுதுறுவென்று இருந்தது, அடக்கிக்கொண்டார். வலி போய்விடவில்லை. இப்போதும் மாதத்தில் சில நாள் உண்டு. ஆனால் வீட்டில் வேறு பேச்சு வந்தது. அதுவே பெரிய மாற்றம்.

கணக்குவாத்தியார்

சரி, அப்படியானால் பள்ளியில் நாங்கள் என்ன செய்யலாம்? அரை நாள் அனுப்புவது சலுகை ஆகிவிடாதா? மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். சாக்கு சொல்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இயக்கம்

இருக்கலாம் ஐயா. ஆனால் வலியால் ஒரு பிள்ளைக்குத் தேர்விலிருந்து விடுதலை கிடைத்தது என்பதற்காக அந்த வலி பொய் ஆகிவிடாது.

பள்ளியில் வேலைக்கு ஆவது ஒன்றைச் சொல்கிறேன். வலி வந்தால் வீடு என்பதை வலி வந்தால் 15 நிமிடம் ஓய்வு, அப்புறம் வகுப்பு என்று மாற்றுங்கள். ஓய்வறைக்குப் போக எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் கேட்காதீர்கள், ஒரு சீட்டு போதும். நீண்ட நாள் வராத பிள்ளை என்றால் முதலில் இரண்டு பாடவேளை, பிடித்த பாடமாக இருந்தால் நல்லது, பிறகு வாரம் வாரம் கூட்டுங்கள். தவறிப்போன பாடம் முழுவதையும் மொத்தமாகத் தலையில் கொட்டினால் மறுபடியும் படுக்கைதான். திரும்பி வந்த அன்று, "இவ்வளவு நாள் எங்கே போனாய்?" என்று வகுப்பு நடுவில் கேட்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கணக்குவாத்தியார்

அந்தச் சீட்டு யோசனை நன்றாக இருக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன்.

மேகலை

நீங்கள் எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டேன். கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். சில நாள் வலி தாங்காமல், "இப்படியே இருந்தா எதுக்கு இருக்கணும்" என்கிறாள். வலியில் சொல்கிறாள் என்று விட்டுவிடலாமா?

நடுப்பக்கம்

விடக் கூடாது. நாள்பட்ட வலி உள்ள பதின்ம வயதினரிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

இன்றைக்கே, அமைதியான நேரத்தில், நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா? ஏதாவது செய்துகொள்ள யோசிச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்குக் கேட்டதே நிம்மதியாக இருக்கும். ஆமாம் என்றால் பதறாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். இல்லை என்றாலும், அவள் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்று போன் செய்ய முடிந்தால் இன்றே.

மேகலை

கேட்டேன். அழுதாள். எப்போதாவது தோன்றும், ஆனால் எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்றாள். மாத்திரைகளை எடுத்துப் பூட்டிவிட்டேன். மருத்துவரிடம் போனில் பேசினேன், நாளைக் காலையே வரச் சொல்லிவிட்டார். வலி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படியும், சி.பி.டி. செய்பவர் ஒருவரைப் பரிந்துரைக்கும்படியும் நாளை கேட்கப்போகிறேன். மருந்துப் பட்டியலை எழுதிவிட்டேன். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

பின்பெஞ்சு

அக்கா, பத்து நிமிடமாவது அவள் டாக்டரோடு தனியாகப் பேச விடுங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தவரை நானும் 7 என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.